காலேஜ்ல ஃபைனான்ஸ் படிக்கிறவங்களுக்கு: சொந்தக் கணக்குல ஆரம்பிச்சு முதலீடு வரைக்கும், எதை எந்த வரிசையில படிக்கணும்

ஃபைனான்ஸ் கஷ்டமா இருக்குன்னு யாராவது வந்து சொன்னா நான் முதல்ல கேக்குறது, எதை முன்னாடி படிச்சீங்க, எதை பின்னாடி படிச்சீங்கன்னுதான். ஜூனியர் பசங்களோட உக்காந்து ப்ராப்ளம் ஷீட் போட்டு போட்டு பாத்ததுல ஒண்ணு நல்லா தெரிஞ்சுது. முக்கால்வாசிப் பேர் தடுமாறுறதுக்குக் காரணம் வரிசை. வட்டி கணக்கு உறைக்கிறதுக்கு முன்னாடியே ஷேர் வேல்யுவேஷன்ல (ஒரு ஷேரோட மதிப்ப கணக்குப் போடுறதுல) போய் நிக்கிறாங்க, கம்பெனியோட மூணு ஸ்டேட்மென்ட்டும் (பேலன்ஸ் ஷீட், லாப நஷ்டக் கணக்கு, காசு ஓட்டக் கணக்கு) படிக்கத் தெரியாம ரேஷியோவ (அதுல இருக்குற நம்பர்கள ஒண்ணால ஒண்ண வகுத்துப் பாக்குறது) மனப்பாடம் பண்றாங்க.

அதனால இந்த வழிகாட்டில எது முதல்ல, எது அடுத்து, ஏன் அப்படி, எங்க தப்பு நடக்கும்ங்கிறத மட்டும் எழுதறேன். இன்னொரு விஷயமும் சொல்லிடறேன், உங்க சொந்த காசு கணக்கையே இந்தப் படிப்போட லேப் மாதிரி வெச்சுக்கோங்க. பாடத்துல வர்ற எல்லாத்துக்கும் சின்ன அளவுல ஒரு உதாரணம் உங்க கணக்குலயே கிடைக்கும்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

கணக்குல ரொம்ப பெரிய திறமை தேவையில்ல. அடுக்குக்குறி, லாக், ஒரு சமன்பாட்டுல தெரியாத ஒண்ண ஒரு பக்கம் தனியா கொண்டு வர்றது, சராசரி, அடிப்படை நிகழ்தகவு, இவ்வளவு போதும். ஆனா இது கை தானா ஓடுற அளவுக்குப் பழகியிருக்கணும், இல்லன்னா ஒவ்வொரு சம்லயும் ஃபைனான்ஸ் ஐடியாவ விட்டுட்டு அல்ஜீப்ராகூட மல்லுக்கட்டிட்டு இருப்பீங்க.

எக்செலோ வேற ஏதாவது ஸ்ப்ரெட்ஷீட்டோ கண்டிப்பா வேணும். செல் ரெஃபரன்ஸ்ல டாலர் குறி எதுக்குப் போடுறோம்னு தெரியாம வர்றவங்க நிறைய, ஃபார்முலாவ கீழ இழுத்ததும் எல்லா நம்பரும் கன்னாபின்னான்னு மாறிடும், ஏன்னு புரியாது. ஒரு சாயங்காலம் உக்காந்தா போதும், முதல் வாரமே இத முடிச்சிடுங்க.

ஃபைனான்ஷியல் கால்குலேட்டர் வாங்குறதா இருந்தா உங்க கோர்ஸ்ல எந்த மாடலை பரீட்சைக்கு விடுறாங்கன்னு கேட்டுட்டு வாங்குங்க. பின்னாடி சிஎஃப்ஏ (முதலீட்டுத் துறைக்கான சர்வதேச சான்றிதழ் பரீட்சை) எழுதற யோசனை இருந்தா அதுல டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பிஏ 2 ப்ளஸ், எச்பி 12சி, இந்த ரெண்டு வரிசைக்குத்தான் அனுமதி. கையில வந்ததும் ரெண்டு செட்டிங் பாருங்க: வருஷத்துக்கு எத்தனை தவணைங்கிறதுல 12 இருக்கா 1 இருக்கா, பணம் தவணையோட ஆரம்பத்துல வருதா கடைசியில வருதா. சூத்திரம் சரி, நம்பர் சரி, ஆனா விடை தப்புன்னு யாராவது புலம்பிட்டு வந்தா நான் முதல்ல திறந்து பாக்குறது இந்த ரெண்டைத்தான், பெரும்பாலும் அங்கதான் சிக்கல் இருக்கும்.

2. முதல் மாசம்: உங்க காச ஒரு கம்பெனி மாதிரி எழுதுங்க

செலவு எழுதி வைக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க. நான் சொல்றது வேற மாதிரி எழுதறது. மூணு ஷீட் போடுங்க. ஒண்ணுல இன்னைய தேதிக்கு உங்ககிட்ட என்ன இருக்கு, யாருக்கு எவ்வளவு தரணும், ரெண்டையும் கழிச்சா மிச்சம் என்ன. இன்னொண்ணுல இந்த மாசத்துக்கு உண்டான வரவும் செலவும். மூணாவதுல கையிலயும் பேங்க்லயும் நிஜமா உள்ள வந்த காசு, வெளிய போன காசு.

ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணுதானேன்னு தோணும். ஒரு மாசம் எழுதிப் பாருங்க. ஆறு மாச ஃபீஸ மொத்தமா கட்டினா காசு இந்த மாசமே போயிடுது, ஆனா இந்த மாசத்துக்கு உண்டான செலவு அதுல ஆறுல ஒரு பங்குதான். பார்ட் டைம் வேலை இந்த மாசம் செஞ்சாச்சு, சம்பளம் அடுத்த மாசம் வரும், அப்ப வரவு இந்த மாசம், காசு அடுத்த மாசம். அக்ரூவல்னு அக்கவுண்டிங் கிளாஸ்ல வரப்போறது இதேதான், உங்க சொந்த காசுல பாத்துட்டு போனா அது ஒரு புது வார்த்தையா மட்டும்தான் இருக்கும், புது விஷயமா இருக்காது.

இதுல பொதுவா நடக்குற தப்பு, மாசாமாசம் வர்ற செலவ மட்டும் எழுதறது. வருஷத்துக்கு ஒருதடவை வர்றது, எப்பயாவது வர்றது, லேப்டாப் ரிப்பேர், டிக்கெட், பரீட்சை ஃபீஸ், இதெல்லாம் கணக்குல ஏறாது, வரும்போது கடன் வாங்க வெக்கும். போன வருஷத்து பேங்க் ஸ்டேட்மென்ட்ட எடுத்து இந்த மாதிரி செலவ எல்லாம் கூட்டி பன்னெண்டால வகுத்து மாசச் செலவுல ஒரு வரியா சேருங்க.

அடுத்தது அவசரத்துக்குன்னு ஒதுக்குற காசு. மூணுல இருந்து ஆறு மாச அத்தியாவசியச் செலவுன்னு புத்தகத்துல போட்டிருக்கும். படிக்கிற காலத்துல அது எட்டாத தூரமா தெரிஞ்சா ஒரு மாசச் செலவுல ஆரம்பிங்க. முதலீட்டுக்கு முன்னாடி இது எதுக்குன்னா, இது இல்லாதவங்க மார்க்கெட் விழுந்து கிடக்குற நேரத்துலயே முதலீட்ட வித்து செலவு பண்ண வேண்டி வரும்.

3. அடுத்து கடன்: ஒரு தவணை அட்டவணைய கையால போட்டுப் பாருங்க

இந்த ஒரு படிய மட்டும் தயவுசெஞ்சு தாண்டாதீங்க. மொத்தப் படிப்புலயும் ஒரு மணி நேரத்துக்கு இதவிட அதிகமா எதுவும் சொல்லித்தராதுன்னு நான் நம்பறேன்.

10,000 கடன், வருஷத்துக்கு 12% வட்டி, 12 மாசத் தவணை. மாச வட்டி 1%, தவணை 888.49 வரும். அஞ்சு நெடுவரிசை போடுங்க: மாசம், ஆரம்ப பாக்கி, வட்டி, அசல்ல கழியறது, கடைசி பாக்கி. முதல் மாசம் வட்டி 100, மிச்சம் 788.49 அசலுக்குப் போகும், பாக்கி 9,211.51. ரெண்டாவது மாசம் வட்டி இந்த பாக்கிக்கு மட்டும்தான், 92.12. அதனால அசலுக்கு 796.37 போகும். இப்படியே இறங்கி பன்னெண்டாவது மாசம் பாக்கி சைபர்ல வந்து நிக்கணும், நிக்கலைன்னா எங்கயோ தப்பு பண்ணியிருக்கீங்க. மொத்த வட்டி சுமார் 662.

இப்ப அதே 12%ஐ ஃப்ளாட் ரேட்னு ஒருத்தர் சொல்றார்னு வெச்சுக்கோங்க. 10,000க்கு 12% போட்டா 1,200, மொத்தம் 11,200, பன்னெண்டால வகுத்தா மாசம் 933.33. மாசம் 45தான் கூடுதல்னு தோணும். ஆனா நீங்க மாசாமாசம் அசலை திருப்பிக் குடுத்துட்டே வர்றீங்க, வட்டி மட்டும் முழு 10,000க்கும் கடைசி வரைக்கும் ஓடிட்டு இருக்கு. எக்செல்ல ரேட் ஃபங்ஷன் போட்டா மாசத்துக்கு ஏறக்குறைய 1.79% வரும், முதல் கடனோட 12%ஐ சொன்ன மாதிரியே பன்னெண்டால பெருக்கிச் சொன்னா வருஷத்துக்கு ஏறக்குறைய 21.5%. சொன்ன நம்பர் ஒண்ணு, கட்டுற விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. முதல்தடவை இத ஸ்க்ரீன்ல பாக்குற பசங்க ஒரு நிமிஷம் பேசாம இருப்பாங்க, அப்புறம் அவங்களாவே வீட்டுல யாரோ வாங்கின கடன் பேப்பர தேடி எடுப்பாங்க.

கிரெடிட் கார்டுக்கும் இதே சோதனை. மாசம் 3%ன்னா வருஷத்துக்கு 36%ன்னு பெருக்கக்கூடாது, வட்டிக்கு வட்டி சேரும், 1.03ஐ பன்னெண்டு தடவை பெருக்கினா 1.426, அதாவது 42.6%. இந்தக் கடன் பாக்கி இருக்கும்போது 10% கிடைக்கும்னு ஷேர் வாங்குறது நஷ்டக் கணக்கு. அந்தக் கடன அடைக்கிறதே 42.6% லாபம் தர்ற முதலீடுக்கு சமம், அதுவும் ரிஸ்க்கே இல்லாம.

4. காசோட கால மதிப்பு: எல்லா பாடத்துக்கும் இதான் அஸ்திவாரம்

ஒரு சம் குடுத்தா சூத்திரத்த தேடாதீங்க, முதல்ல ஒரு கோடு போடுங்க. கோட்டுல 0, 1, 2, 3ன்னு காலத்த குறிச்சு, எந்த இடத்துல காசு வருது எந்த இடத்துல போகுதுன்னு அம்புக்குறி போடுங்க. 0ங்கிறது இந்த நிமிஷம், 1ங்கிறது முதல் வருஷத்தோட கடைசி. மூணாவது வருஷ ஆரம்பத்துலன்னு கேள்வில இருந்தா அது 2, 3 கிடையாது. கோடு போடாம நேரா சூத்திரத்துக்குப் போறவங்க இந்த இடத்துல தவறாம ஒரு வருஷம் தள்ளிப் போட்டுடுவாங்க.

டிஸ்கவுண்ட்ங்கிற வார்த்தையே நம்மள குழப்பும், தள்ளுபடின்னு மனசுல ஓடும். நாளைக்கு வரப்போற காச இன்னைய விலைக்கு இறக்கிப் பாக்குறதுன்னு புரிஞ்சுக்கோங்க. அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற 1,000க்கு, 8%ல இன்னைய விலை 680.58. ஏன்னா இன்னைக்கு 680.58ஐ 8%ல போட்டு வெச்சா அஞ்சு வருஷத்துல அது 1,000 ஆகும். முன்னாடி போறதும் பின்னாடி வர்றதும் ஒரே பாதைதான்.

வட்டில மூணு விதம் இருக்கு, மூணையும் பிரிச்சுப் பாக்கப் பழகணும். அறிவிக்கிற வட்டி, வட்டிக்கு வட்டி சேத்த நிஜ வருஷ வட்டி, விலைவாசிய கழிச்ச வட்டி. வருஷத்துக்கு நிஜமா 12% வளர்ற காசு மாசத்துக்கு 1% வளராது, 0.949%தான் வளரும். 8% வட்டி வருது, விலைவாசி 6% ஏறுதுன்னா நிஜமா கூடினது 2%ன்னு சொல்வாங்க, துல்லியமா 1.08ஐ 1.06ஆல வகுத்தா 1.89%. சின்ன வித்தியாசம்தான், ஆனா முப்பது வருஷத்துக்கு ஓட்டினா சின்னதா இருக்காது.

இந்த சாப்டர்ல நான் பாக்குற பெரிய தப்பு, காலமும் வட்டியும் வேற வேற அளவுல இருக்குறது. மாசாமாசம் காசு போடுற சம்ல வருஷ வட்டிய அப்படியே வெக்கிறாங்க. சம் எழுதி முடிச்சதும், என்னோட காலம் மாசமா வருஷமா, வட்டி அதே அளவுலதான் இருக்கான்னு ஒரு தடவை வாய்விட்டு கேட்டுக்கோங்க.

விடை நம்புற மாதிரி இருக்கான்னு பாக்க 72ஐ வட்டியால வகுங்க. 8%ன்னா 9 வருஷத்துல காசு ரெட்டிப்பாகும். உங்க விடைல 9 வருஷத்துல அஞ்சு மடங்கு ஆயிருந்தா பேப்பர குடுக்காதீங்க, திரும்பிப் பாருங்க.

5. அக்கவுண்டிங்: போட வேண்டாம், படிக்கத் தெரியணும்

ஃபைனான்ஸ் எடுத்தவங்க அக்கவுண்டிங்க ஒரு தொல்லையா நினைச்சு பாஸ் மார்க் வாங்கிட்டு நகந்துடுவாங்க, அப்புறம் வேல்யுவேஷன்ல வந்து முட்டிப்பாங்க. டெபிட் கிரெடிட் போடுற வேகம் உங்களுக்குத் தேவையில்ல. மூணு ஸ்டேட்மென்ட்டும் எங்க எங்க ஒண்ணோட ஒண்ணு கோத்துக்குதுன்னு தெரியணும்.

பழக ஒரு வழி: ஒரு சின்ன சம்பவத்த எடுத்துக்கிட்டு அது மூணுலயும் என்ன பண்ணுதுன்னு எழுதறது. 60க்கு வாங்கி வெச்ச சரக்க 100க்கு கடனுக்கு வித்தாச்சு. லாபம் 40 (வரிய விட்டுடுங்க). கையில வந்த காசு சைபர். பேலன்ஸ் ஷீட்ல சரக்கு 60 குறைஞ்சுது, வர வேண்டிய பாக்கி 100 ஏறுச்சு, ஓனர் பங்கு 40 ஏறுச்சு. ரெண்டு பக்கமும் 40 கூடியிருக்கு, சரியா நிக்குது. லாபம் காட்டுற கம்பெனி எப்படி காசில்லாம மூடுது? இந்த நாலு வரிலயே பதில் இருக்கு. இது மாதிரி ஒரு பத்து சம்பவம் எழுதிப் பாருங்க: தேய்மானம், கடன் வாங்குறது, முன்பணம் வாங்குறது, டிவிடெண்ட் (லாபத்துல ஓனர்களுக்குத் தர்ற பங்கு) குடுக்குறது.

ரேஷியோவ இதுக்கப்புறம் படிங்க. முன்னாடியே படிச்சா வெறும் வகுத்தல் கணக்கா போயிடும்.

6. புள்ளியியல்: போர்ட்ஃபோலியோ (பல முதலீட்ட சேத்து வெக்கிறது) கிளாஸுக்கு முந்தின செமஸ்டர்லயே முடிச்சிடுங்க

சராசரி ரிட்டர்ன்ங்கிறது ஏமாத்தும். ஒரு வருஷம் 50% ஏறுது, அடுத்த வருஷம் 50% இறங்குது. சராசரி சைபர். ஆனா 100 போட்டவன்கிட்ட 150 ஆகி 75ல வந்து நிக்குது. வருஷத்துக்கு 13.4% போயிருக்கு, அதுதான் பெருக்கல் சராசரி. கடந்த காலத்துல காசு எப்படி வளந்துதுன்னு சொல்ல இதுதான் வேணும், கூட்டல் சராசரிய அதுக்குப் போடாதீங்க.

டேட்டா இறக்கும்போது அட்ஜஸ்டட் விலைய எடுங்க. ஒரு ஷேர் ரெண்டா பிரிஞ்ச அன்னைக்கு சாதா விலைல 50% விழுந்த மாதிரி காட்டும், அந்த ஒரு நாள் உங்க மொத்த கணக்கையும் கெடுத்துடும். ப்ராஜெக்ட் ரிசல்ட் விநோதமா இருக்குன்னு வந்தவங்ககிட்ட நான் முதல்ல கேக்குற கேள்வி இதுதான், விலைல டிவிடெண்டும் ஸ்ப்ளிட்டும் சரி பண்ணியிருக்கான்னு.

ஸ்டாண்டர்ட் டீவியேஷன (சராசரில இருந்து ரிட்டர்ன் எவ்வளவு விலகுதுங்கிற அளவு) மாசத்துல இருந்து வருஷத்துக்கு மாத்த 12ஆல பெருக்கக்கூடாது, 12ஓட வர்க்கமூலத்தால பெருக்கணும். மாசம் 4%ன்னா வருஷத்துக்கு 13.86%, 48% கிடையாது. இது ஒவ்வொரு மாச ரிட்டர்னும் முந்தின மாசத்தோட சம்பந்தமில்லாம இருக்குங்கிற அனுமானத்துல வர்றது, அதையும் விடைல ஒரு வரி எழுதுங்க.

7. கார்ப்பரேட் ஃபைனான்ஸ்: என்பிவி, ஐஆர்ஆர், அதுல இருக்குற குழிகள்

இதுவரைக்கும் ஒழுங்கா வந்தவங்களுக்கு இந்த பேப்பர் சுலபம். நாலாவது படில போட்ட அதே கோடுதான், கேள்வி மட்டும் மாறுது: இந்த திட்டத்துல காச போடலாமா வேண்டாமா. வரப்போற காசோட இன்னைய விலைல இருந்து போடுற காச கழிச்சா வர்றதுதான் என்பிவி.

முதல் குழி எக்செல்லயே இருக்கு. இன்னைக்கு 1,000 போடுறோம், அடுத்த மூணு வருஷமும் 500, 500, 500 வருது, 10% வட்டி. சரியான என்பிவி 243.43. ஆனா நாலு நம்பரையும் சேத்து செலக்ட் பண்ணி என்பிவி ஃபங்ஷன்ல போட்டா 221.30னு வரும். ஏன்னா அந்த ஃபங்ஷன் முதல் நம்பரே ஒரு வருஷம் கழிச்சுதான் வருதுன்னு எடுத்துக்கும், எல்லாத்தையும் ஒரு தடவை கூடுதலா இறக்கிடும். ஃபங்ஷனுக்கு 500ங்க மூணையும் மட்டும் குடுத்து, 1,000ஐ வெளிய தனியா கழிக்கணும். ஒரு அசைன்மென்ட்ல நானே இத தப்பா போட்டு, விடை பாசிட்டிவ்வா வந்ததால சந்தேகமே படாம குடுத்துட்டேன். அதுக்கப்புறம் எந்த ஃபங்ஷனையும் ஒரு தடவை கையால போட்டு ஒத்துப்பாக்காம நம்புறதில்ல.

ரெண்டாவது குழி ஐஆர்ஆர், அதாவது என்பிவிய சைபர் ஆக்குற வட்டி. -100, +230, -132, இப்படி ஒரு திட்டத்த எடுத்துக்கோங்க. 10%லயும் என்பிவி சைபர், 20%லயும் சைபர். ஐஆர்ஆர் ரெண்டு! எக்செல் ஏதோ ஒண்ண மட்டும் காட்டும், இன்னொண்ணு இருக்குன்னு சொல்லவே சொல்லாது. காசோட திசை ஒருதடவைக்கு மேல மாறினா ஐஆர்ஆர விட்டுட்டு என்பிவில முடிவெடுங்க.

மத்த தப்புங்கள வேகமா சொல்லிடறேன். ஏற்கனவே செலவான காச திட்டத்துமேல ஏத்துறது, அது எந்த முடிவெடுத்தாலும் திரும்பி வராது, சேக்கக்கூடாது. கடன் வட்டிய காசு ஓட்டத்துலயும் கழிச்சு, டிஸ்கவுண்ட் ரேட்லயும் சேத்து ரெண்டுதடவை எண்றது. விலைவாசி சேக்காத காச விலைவாசி சேத்த வட்டில இறக்குறது. கம்பெனியோட சராசரி மூலதனச் செலவ (கடன் குடுத்தவங்களுக்கும் ஓனர்களுக்கும் சேத்து கம்பெனி தர வேண்டிய சராசரி ரிட்டர்ன), அந்த கம்பெனி தொழிலுக்கே சம்பந்தமில்லாத புதுத் திட்டத்துக்கும் அப்படியே போடுறது.

8. பாண்டு, அதுக்கப்புறம்தான் ஷேர்

எல்லாருக்கும் ஷேர்தான் ஆசை. ஆனா பாண்டுல (கம்பெனியோ அரசோ கடன் வாங்கிட்டு குடுக்குற பத்திரம்) எவ்வளவு காசு எப்ப வரும்னு எழுதியே இருக்கு, வட்டி மாறினா விலை எப்படி மாறும்ங்கிறத மட்டும் தனியா கவனிக்க முடியும். ஷேர்ல எவ்வளவு வரும்னும் தெரியாது, எந்த வட்டில இறக்கணும்னும் தெரியாது, ரெண்டு தெரியாத விஷயத்த ஒரே நேரத்துல கத்துக்கிறது ரொம்ப சிரமம்.

10 வருஷ பாண்டு, முகமதிப்பு 1,000, வருஷா வருஷம் 5%. சந்தை வட்டி 5%ஆ இருந்தா விலை 1,000. வட்டி 6% ஆனா விலை 926.40க்கு இறங்கும், 4% ஆனா 1,081.11க்கு ஏறும். வட்டி ஏறினா விலை ஏன் இறங்குதுன்னு மனப்பாடம் பண்ணாதீங்க: புதுசா வர்ற பாண்டு 60 குடுக்கும்போது 50 குடுக்குற பழச யாரு 1,000க்கு வாங்குவாங்க? இன்னொண்ணையும் கவனிங்க, இறக்கம் 73.60, ஏத்தம் 81.11, ரெண்டும் சமமில்ல. அந்த வித்தியாசம்தான் கான்வெக்ஸிட்டி, சூத்திரம் வர்றதுக்கு முன்னாடியே அத கண்ணால பாத்தாச்சு.

ஷேருக்கு வந்தா, வளர்ந்துட்டே போற டிவிடெண்ட் சூத்திரத்துல (டிவிடெண்ட ரிட்டர்னுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால வகுக்கிறது) அடுத்த வருஷ டிவிடெண்டத்தான் மேல வெக்கணும், இந்த வருஷத்தது கிடையாது. அடுத்த வருஷம் 5, எதிர்பாக்குற ரிட்டர்ன் 9%, வளர்ச்சி 4%ன்னா விலை 100. வளர்ச்சிய 5%ன்னு மாத்தினா 125. 6%ன்னா 166.67. ஒரே கம்பெனி, ஊகம் ஒரு பாயிண்ட் மாறினதுக்கு விலை எப்படி ஓடுது பாருங்க. வேல்யுவேஷன் ப்ராஜெக்ட்ல ஒரே ஒரு விலைய எழுதிட்டு வர்றவங்களுக்கு நான் சொல்றது, வளர்ச்சியயும் ரிட்டர்னையும் மாத்தி மாத்தி ஒரு டேபிள் போடுங்க, அதுதான் உங்க விடை.

9. போர்ட்ஃபோலியோ: பெருக்கி எழுதுங்க, அப்புறம் புரியும்

ரிஸ்க்க ஆபத்துன்னு மொழிபெயர்த்துட்டா இங்க மாட்டிப்பீங்க. இந்தப் பாடத்துல அது விலகல், எதிர்பாத்ததுக்கு மேல போனாலும் கீழ போனாலும் ரெண்டும் சேரும்.

ரெண்டு ஷேர், ரெண்டுக்கும் 20% விலகல், பாதி பாதி போடுறோம். ரெண்டும் ஒண்ணா ஆடினா மொத்தமும் 20%. கோரிலேஷன் (ரெண்டும் எவ்வளவு சேந்து ஆடுதுங்கிற அளவு, முழுசா சேந்தா 1) 0.5ன்னா 17.3%. சைபர்னா 14.1%. எதிர்பாக்குற ரிட்டர்ன் எதுவும் குறையல, விலகல் மட்டும் குறைஞ்சிருக்கு. 1952ல பொருளாதார நிபுணர் ஹாரி மார்கோவிட்ஸ் எழுதின கட்டுரைல இருந்து வந்த ஐடியா இது, அந்தக் கட்டுரை மொத்தமே 15 பக்கம்தான், இந்த சாப்டர் முடிச்சதும் எடுத்துப் படிங்க, பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா கோரிலேஷன் நிலையான நம்பர்னு நினைக்காதீங்க, 2008 மாதிரி நெருக்கடில தனித்தனியா ஆடிட்டு இருந்ததுல பலதும் சேந்து விழும்.

கேப்எம் (ரிஸ்க்குக்கு ஏத்த ரிட்டர்ன் எவ்வளவுன்னு சொல்ற சூத்திரம்) சம்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு தப்பு: ரிஸ்க் இல்லாத வட்டி 3%, மார்க்கெட் ரிட்டர்ன் 8%, பீட்டா (மார்க்கெட் ஆடினா அந்த ஷேர் எவ்வளவு ஆடுதுங்கிற அளவு) 1.2. சரியான விடை 3 + 1.2 × 5 = 9%. நிறையப் பேர் 3 + 1.2 × 8 போட்டு 12.6%ன்னு எழுதுவாங்க. பீட்டா பெருக்குறது கூடுதலா கிடைக்கிறத மட்டும், அதனால முதல்ல கழிக்கணும். கேள்வில மார்க்கெட் ரிட்டர்ன் குடுத்திருக்காங்களா மார்க்கெட் ப்ரீமியம் (ரிஸ்க் இல்லாத வட்டிய கழிச்ச மிச்சம்) குடுத்திருக்காங்களான்னு அடிக்கோடு போட்டுப் படிங்க.

10. இப்ப உங்க சொந்தக் காசு

முதலீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி. அதிக வட்டிக் கடன் முடிஞ்சுதா? அவசரக் காசு தனியா இருக்கா? போடப்போற காச தொடாம அடுத்த அஞ்சு வருஷத்த ஓட்ட முடியுமா? ஒண்ணுக்கு இல்லன்னு வந்தாலும் இன்னும் நேரம் வரல, அதுவரைக்கும் பேப்பர்ல பழகுங்க.

பேப்பர்ல பழகுறதுன்னா ஆப்ல பொய்க்காசு வெச்சு விளையாடுறத சொல்லல. ஒரு நோட்டுல தேதி போட்டு, எத வாங்குவேன், ஏன், எது நடந்தா நான் நினைச்சது தப்புன்னு ஒத்துப்பேன், இந்த மூணையும் எழுதுங்க. ஆறு மாசம் கழிச்சு படிங்க. விலை ஏறியிருந்தாலும் நீங்க எழுதின காரணத்தால ஏறலைன்னா அத ஜெயிச்சதா எண்ணாதீங்க. இந்தப் பழக்கம் இல்லாம அதிர்ஷ்டத்தையும் அறிவையும் பிரிச்சுப் பாக்க வேற வழி எனக்குத் தெரியல.

நிஜக் காசு போடும்போது என் கருத்து தெளிவா இதுதான்: பரவலான, செலவு கம்மியான இண்டெக்ஸ் ஃபண்டுல (தேடித் தேர்ந்தெடுக்காம மார்க்கெட்ல இருக்குற ஷேர்கள அதே அளவுல வாங்கி வெக்கிற ஃபண்ட்) ஆரம்பிங்க. காரணம் எளிமையான கணக்கு, 1991ல பொருளாதார நிபுணர் வில்லியம் ஷார்ப் எழுதிக் காட்டினது. எல்லா முதலீட்டாளரும் சேந்ததுதான் மார்க்கெட், இண்டெக்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு மார்க்கெட் ரிட்டர்ன் கிடைக்குது, அப்ப தேடித்தேடி வாங்கி விக்கிறவங்க எல்லாருக்கும் சேத்து சராசரியும் அதேதான் வர முடியும், அவங்க செலவு அதிகம்ங்கிறதால கழிச்சா கீழதான் நிக்கும். தனியா ஒருத்தர் ஜெயிக்கலாம், சராசரி ஜெயிக்க முடியாது.

அந்த செலவு எவ்வளவு பெருசுன்னு பாருங்க. 100 போட்டு 30 வருஷம் 7%ல வளந்தா 761. வருஷா வருஷம் 1% கட்டணம் போய் 6%ல வளந்தா 574. ஒரு பர்சென்ட்தானேன்னு விட்டது கடைசில நாலுல ஒரு பங்க தின்னுட்டுப் போயிடும். ஃபண்டோட டாக்குமெண்ட்ல போன வருஷ ரிட்டர்ன பாக்குறதுக்கு முன்னாடி எக்ஸ்பென்ஸ் ரேஷியோவ (வருஷக் கட்டணம் எத்தனை சதவீதம்ங்கிறத) பாருங்க. ரிட்டர்ன் மாறும், கட்டணம் மாறாம போயிட்டே இருக்கும்.

யாராவது நிச்சயமா மாசாமாசம் இவ்வளவு தர்றேன்னு சொன்னா, உங்க எக்செல்ல போட்டு வருஷத்துக்கு என்ன வருதுன்னு பாருங்க. மாசம் 5%ன்னா வருஷத்துக்கு 79.6%. இத நிச்சயமா சம்பாதிக்கத் தெரிஞ்சவருக்கு உங்க காசு எதுக்கு? கிளாஸ்ல வாங்குற மார்க்கவிட இந்த ஒரு கேள்வி உங்கள காப்பாத்தும், படிக்கிற பசங்க மொத்த சேமிப்பையும் இப்படி விட்டுட்டு வந்து உக்காந்தத பாத்திருக்கேன், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

11. டெரிவேட்டிவ்ஸ் கடைசியில

டெரிவேட்டிவ்ஸ்னா ஷேர் மாதிரி வேற ஒண்ணோட விலைய வெச்சு மதிப்பு மாறுற ஒப்பந்தம். அதுல ஒண்ணு ஆப்ஷன், குறிச்ச விலைல வாங்குற (கால்) இல்ல விக்கிற (புட்) உரிமை. அதுக்கு முதல்ல படம் வரையுங்க. கடைசி நாள்ல ஷேர் விலை இவ்வளவுன்னா எனக்கு எவ்வளவு, வாங்கினவன் பக்கம் ஒரு படம், வித்தவன் பக்கம் ஒரு படம். கால், புட் ரெண்டுக்கும் சேத்து நாலு படம் மனசுல வந்தப்புறம் ரெண்டு கிளை மரம் (ஒவ்வொரு படியிலயும் விலை ஏறும் இல்ல இறங்கும்னு போடுற கணக்கு), அதுக்கப்புறம்தான் பிளாக் ஷோல்ஸ் (ஆப்ஷன் விலைக்கான சூத்திரம்). நேரா சூத்திரத்துக்குப் போனவங்க நம்பர் போட்டு விடை எடுப்பாங்க, ஆப்ஷன வித்தவனுக்கு எவ்வளவு வரைக்கும் நஷ்டம் வரலாம்னு கேட்டா முழிப்பாங்க. பேப்பர் முடிக்கிறதுக்கு முன்னாடி நிஜக் காசுல இதுல இறங்காதீங்க.

12. ப்ராஜெக்ட்டும் பரீட்சையும்

டேட்டாவுக்கு காசு குடுக்கத் தேவையில்ல. 1871ல இருந்து அமெரிக்க ஷேர் மார்க்கெட்டோட மாச டேட்டாவ பேராசிரியர் ராபர்ட் ஷில்லர் இலவசமா போட்டு வெச்சிருக்கார். ஃபேக்டர் ரிட்டர்ன் (கம்பெனி சைஸ் மாதிரி ஒரு குணத்த வெச்சுப் பிரிச்ச ஷேர்களோட ரிட்டர்ன்) பேராசிரியர் கென்னத் ஃப்ரெஞ்ச் வெப் பக்கத்துல கிடைக்கும். தொழில் வாரியா பீட்டா, மூலதனச் செலவு எல்லாம் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன் வருஷா வருஷம் புதுப்பிச்சு வெளியிடறார், அவரோட கிளாஸ் வீடியோவும் அங்கயே இருக்கு. முதல் ப்ராஜெக்ட்டுக்கு இது மூணும் தாராளம்.

பரீட்சைக்கு தயாராகும்போது விடைய பாத்துட்டே சம் படிக்காதீங்க, படிக்கும்போது எல்லாமே புரிஞ்ச மாதிரிதான் இருக்கும். வெறும் பேப்பர்ல கோடு போட்டு முடிச்சுட்டு அப்புறம் விடைய திறங்க. தப்பான ஒவ்வொரு சம்முக்கும் பக்கத்துல காரணத்த ஒரு வார்த்தைல எழுதுங்க: காலம், வட்டி, குறி, கவனம். ரெண்டு வாரத்துல எந்த வார்த்தை அதிகமா இருக்குன்னு பாத்தா எத திரும்பப் படிக்கணும்னு அதுவே சொல்லிடும்.

ஷீட்ட சப்மிட் பண்றதுக்கு முன்னாடி டிஸ்கவுண்ட் ரேட் இருக்குற செல்ல 10%ல இருந்து 11%ன்னு மாத்துங்க. கீழ இருக்குற விடை மாறணும். மாறலைன்னா நடுவுல எங்கயோ ஃபார்முலா இருக்க வேண்டிய இடத்துல நம்பர கையால டைப் பண்ணியிருக்கீங்க, அத கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டு அப்புறம் அனுப்புங்க.